புனிதரைத் தோலுரிச்சவன்

அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, முட்டை கேட்டது நீயா, இல்ல அந்தச் சபைத் தலைவன் பால்தோ சொல்லிக் கேட்டியா?

நீயேதானா. சரி, நம்பறேன். நம்பாம என்ன பண்றது. இந்தா ஆறு முட்டை. எல்லாம் ஊருக்குள்ள குப்பை கிளர்ற கோழி போட்டதுதான். சத்திரக்காரி படிச்சுப் படிச்சுச் சொன்னா. பெருஜாவிலேர்ந்து வந்திருக்கிற ஓவியக்காரருக்கு வெளிறின கருதான் வேணுமாம், காட்டுப்பக்கம் மேயற கோழியோட முட்டை ஆகாதாம், அதுல கரு செவந்திருக்குமாம்னு. திங்கிற முட்டையில இவ்வளவு பார்ப்பாங்களான்னு அவளுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரல. நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

ஏன்னா எனக்குத் தெரியும். கருவை நிறத்துல கலந்துதான எழுதுவீங்க, வெளிறின கரு எதுக்குன்னு தெரியும். இளவட்டத்து மூஞ்சிக்கு. கிழவன் மூஞ்சி வரையறதா இருந்தா நீ செவந்த கருதான் கேட்டிருப்ப. என்ன பாக்கிற? கறிக்கடைக்காரனுக்கு எப்படித் தெரியும்னா? நாப்பது வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கோயில் படத்தை எழுதின லாப்போ மேஸ்திரி இதே இடத்துல நின்னு முட்டை உடைச்சாரு. பக்கத்துல கைகட்டி நின்னு வாயைப் பொளந்து பாத்தவன் நான்.

அப்ப இளவட்டம்தான். எந்த இளவட்டம்? அந்தப் படத்து ஓட்டையில யார் மூஞ்சியை வைக்கப்போற? அதைச் சொல்லு முதல்ல.

இல்ல, நான் இங்கயே உட்காந்துக்கிறேன். தூணுக்குப் பின்னாடி குளிர்ச்சியா இருக்கு. வெளிச்சத்துக்கு வான்னு கூப்பிடாத. ஓவியக்காரன் முன்னாடி வெளிச்சத்துல நின்னு நான் பட்டது போதும்.

சொல்லமாட்ட. சரி. நீ சொல்லலன்னா என்ன, நான் கண்ணில்லாதவனா. சனிக்கிழமை கிணத்தடியில மடியில பலகையை வச்சுக்கிட்டு உட்காந்திருந்தியே, எதை வரைஞ்ச? கிணத்தையா? என் கடையிலேர்ந்து பாத்தா கிணத்தடி அப்படியே தெரியும். கோவேறு கழுதைக்குத் தண்ணி காட்டிக்கிட்டு நின்னானே ஒருத்தன், நெட்டையா, சுருட்டை முடி, மூக்கு கொஞ்சம் நீளம். நேரி. அவனைத்தான வரைஞ்ச?

பாத்தியா. தூரிகையைக் கழுவ ஆரம்பிச்சிட்ட. அதுவே பதில்.

அவன் யாரு தெரியுமா உனக்கு? பால்தோவோட பேரன். மகன் வயித்துப் பேரன். தெரியாதா? நிசமாவே தெரியாதா? பால்தோ உன்கிட்ட சொல்லல? அவன்தான உன்னை வரவழைச்சவன், சபைக்குத் தலைவன், சாப்பாடு அவன் வீட்டுலேர்ந்துதான வருது. பயறுல என்ன போட்டுத் தர்றாங்க, உப்புக்கறித் துண்டு ரெண்டா, மூணா? ரெண்டு. அது என் கடைக் கறி இல்ல. அவங்க வீட்டுல என் கடைக் கறி வாங்கமாட்டாங்க. நாப்பது வருஷமா வாங்கினதில்ல. இந்தத் திங்கக்கிழமை வரைக்கும்னு சொல்லணும். அதை அப்புறம் சொல்றேன்.

நீ வெளியூரு. உனக்கு விவரம் தெரியாம இருக்கலாம். இல்ல, தெரிஞ்சே தெரியாத மாதிரி நடிக்கலாம். லாப்போவும் இப்படித்தான், பச்சைப்புள்ள மாதிரி முழிப்பாரு. நீ கேக்கலன்னாலும் நான் சொல்லிடறேன். நாளைக்கு எனக்குத் தெரியாதேன்னு நீ சொல்லக்கூடாது பாரு.

சாரத்து மேலதான நிக்கிற, கிட்டத்துல பாரு. நடுவுல மரப்பலகையில கட்டிப்போட்டு மேல பாத்துக்கிட்டு இருக்கிறவரு பர்த்தலோமேயு. எங்க ஊருக்குக் காவல். வேதத்துக்காக உயிரோட தோலை உரிக்கக் கொடுத்தவரு. இடது பக்கம் கயிறு பிடிக்கிறவன். கால்மாட்டுல கத்தி தீட்டுறவன். அந்த ரெண்டு மூஞ்சியும் எங்கயோ பழைய காகிதத்துல லாப்போ வச்சிருந்த மூஞ்சி, இந்த ஊர்ல யாருக்கும் சொந்தமில்ல. வலது பக்கம் புனிதர் கையைப் பிடிச்சு, தோள்லேர்ந்து தோலை உரிக்கிறான் பாரு ஒருத்தன், இப்ப கழுத்துக்கு மேல ஒண்ணும் இல்லாம வெள்ளைப் பூச்சா நிக்கிறானே, அது நான்.

ஆமா. நான்தான். என் முழுப் பேரு என்ன தெரியுமா? பர்த்தலோமேயு. கூப்பிடறது மேயோ. புனிதர் பேரை வச்சிருக்கிறவன் புனிதரைத் தோலுரிக்கிறான். சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ. ஊரே சிரிச்சாச்சு.

எனக்கு அப்ப இருபத்தாறு வயசு. கல்யாணமாகி நாலு மாசம். லாப்போ மேஸ்திரி முதல்ல என் கடைக்கு வந்தது ஆட்டுத்தோல் துண்டுக்கு. பலகைக்குப் பசை காய்ச்சணும்னாரு. தோலை ஊற வச்சுக் கொதிக்கவச்சுக் காய்ச்சற வச்சிரப் பசை, அதுதான் உன் தொழிலுக்கே அடி, உனக்கு நான் சொல்லணுமா. நீ நிக்கிறியே, அந்தப் படத்துக்கு அடியில இருக்கிற பசை பூரா என் கடை ஆட்டுத்தோல். நானே அவர் கூட உட்காந்து காய்ச்சியும் கொடுத்தேன். இளம் சூட்டுல வச்சிருக்கணும், கொதி ஏறிடக்கூடாது, அதெல்லாம் அவருகிட்ட கத்துக்கிட்டதுதான்.

ஒருநாள் கேட்டாரு. மேயோ, தோலை எப்படி உரிக்கிற, காட்டேன்னு. ஈஸ்டருக்கு முந்தின வாரம், குட்டி ஆடு வரிசையாத் தொங்குது. ஒண்ணை எடுத்துக் காட்டினேன். நல்லாக் காட்டினேன். ஒரு கீறல் விழாம, கொழுப்பு கறியில நிக்க, தோல் தனியா வர்ற மாதிரி. பக்கத்துல உட்காந்து வரைஞ்சுக்கிட்டே இருந்தாரு. ஒரு நாள் இல்ல, ஒன்பது நாள் வந்தாரு. குடல்கறி கொடுத்தேன், ஒயின் கொடுத்தேன். கடைசியில என் தோள்ல தட்டி, உன்னைப் பீடத்துக்கு மேல ஏத்தறேன் மேயோன்னாரு.

நீயா இருந்தா என்ன நினைப்ப? பேரு அவர் பேரு. திருவிழா அவர் திருவிழா. நான் வீட்டுக்கு ஓடிப்போய் வான்னாகிட்ட சொன்னேன். வான்னான்னா என் பொஞ்சாதி. ஏய், என்னைப் புனிதரா எழுதறாங்கடின்னேன். அவ அதோட நிக்கல, அவ அம்மாகிட்ட சொன்னா. அவ அம்மா பாதி ஊருக்குச் சொன்னா. படம் திறக்கிற அன்னைக்கு எனக்குப் புதுக் காலர் தைச்சுப்போட்டாங்க. குளிச்சு, சவரம் பண்ணி, நீலத் தொப்பி வச்சுக்கிட்டு முதல் வரிசையில நிக்கிறேன். மாமியார் ஒரு பக்கம், வான்னா ஒரு பக்கம்.

திரையை இழுத்தாங்க.

புனிதரைப் பாத்தா பால்தோ. கம்பளி வியாபாரி பால்தோ. அப்ப ஒல்லியா, கண்ணு பெருசா இருப்பான், அவங்கப்பன் சபைத் தலைவன். நான் என்னைத் தேடறேன். எங்க இருக்கேன்? தேவதூதன்ல இல்ல, முழங்கால் போட்டிருக்கிறவங்கள்ல இல்ல. அப்பதான் ஒரு சின்னப் புள்ள கத்துச்சு, கறிக்கடை அண்ணன்! நாக்கு பாரு, நாக்கு!

எனக்கு ஒரு பழக்கம் தம்பி. கையில கவனமா வேலை இருந்தா நாக்கு நுனி பல்லுக்கு நடுவுல வந்து நின்னுக்கும். எனக்கே அது வரைக்கும் தெரியாது. அதையும் எழுதி வச்சிருந்தாரு அந்தப் பாவி. கோபம் கிடையாது, வெறி கிடையாது. அமைதியா, அக்கறையா, நாக்கைத் துருத்திக்கிட்டு புனிதரை உரிச்சிக்கிட்டு இருக்கேன்.

பக்கத்துல நின்ன பொம்பளைங்க சிலுவை போட்டுக்கிட்டு ரெண்டடி தள்ளி நின்னாங்க. என் மாமியாரும்தான்.

வெளிய வந்து லாப்போ சட்டையைப் பிடிச்சேன். ஏன்யா இப்படிப் பண்ணினன்னு கேட்டேன். அந்த ஆளு என்ன சொன்னாரு தெரியுமா? கொலைகாரனைக் கோபமா எழுத எவனாலும் முடியும் மேயோ, உன் கை மாதிரி ஒரு கையை நான் பாத்ததே இல்லன்னாரு. பாராட்டறாராம். அடுத்த நாள் காலையில ஊரை விட்டே போயிட்டாரு. ஒன்பது நாள் என் சோத்தைத் தின்ன மனுஷன்.

சரி, படத்துல போட்டான், போகட்டும்னு இருந்திருக்கலாம். இருக்க விட்டாத்தான. உங்க ஊர்ல கீறுவாங்களா? கீறமாட்டாங்களா? பெரிய ஊரு, நாகரிகம். இங்க பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் பொம்பளைங்க வரிசையா வருவாங்க. கொண்டை ஊசியைக் கழட்டி கொலைகாரனுங்க மேல ஆளுக்கொரு கீறு. புனிதரை அடிச்சவனுக்குத் திருப்பி ஒண்ணு. செஞ்சா புண்ணியம். பூசை வைக்கிற சாமியாரு தடுக்கமாட்டாரு, அவரே சின்ன வயசுல கீறினவருதான். கயிறு பிடிக்கிறவனுக்கு ஒண்ணு ரெண்டு விழும். கத்தி தீட்டுறவனுக்கு நாலஞ்சு. எனக்கு? மூணு வருஷத்துல கண்ணு ரெண்டும் போச்சு. ஊர் பேர் தெரியாதவனைக் கீறி என்ன சந்தோஷம், சொல்லு. தெரிஞ்சவனைக் கீறினாத்தான கை நிறையும்.

கண்ணு போனதுக்கு தெஸ்ஸான்னு ஒருத்தி. அடுப்புக்காரி, ரொட்டி சுடறவ. அவ புருஷனுக்கு நான் கழுத்துக்கறியைத் தொடைக்கறின்னு கொடுத்துட்டேன்னு ஒரு கோவம், அதைக் கண்ணுல காட்டினா. இல்லன்னு அவ சத்தியம் பண்ணுவா. நம்பாத. மூக்குக்குக் கீழ ஆழமா ஒண்ணு விழுந்திருந்தது, அது நேரி. உன் கிணத்தடி நேரிதான். அஞ்சு வயசுப் புள்ளையா இருந்தப்ப பால்தோ இடுப்புல தூக்கிப் பிடிச்சான், இது ஆணியால கீறுச்சு. பால்தோ கையைத் தட்டினான். நான் மூணாவது வரிசையில நின்னு பாத்தேன். மறப்பேனா?

பால்தோவுக்கு என்ன, அவன் புனிதர் ஆயிட்டான்ல. படம் திறந்த நாள்லேர்ந்து நடையே மாறிப்போச்சு. பேசறப்ப மேல பாத்துப் பேசுவான். கம்பளிக்கு விலை சொன்னாக்கூட வானத்தைப் பாத்துத்தான் சொல்லுவான். கிழவிங்க சட்டை நுனியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாங்க. இப்ப கண்ணுல பூ விழுந்து பாதி தெரியல, ஆனா தலை மட்டும் இன்னும் மேலதான்.

என் கதை தலைகீழ். என் கடைக்கு வர்றதுன்னா மூக்கைப் பொத்திக்கிட்டு வர்றது மாதிரி. என் மகளை இந்த ஊர்ல எவனும் கட்டல. புனிதரைத் தோலுரிச்சவன் பொண்ணாம். ரெண்டு நாள் நடை தூரத்துல, படமே பாக்காத ஊர்ல கொடுத்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை வருவா. வந்தா கோயிலுக்கு வரமாட்டா.

வான்னா? வான்னா ஊரோடதான் போனா. பெரிய வெள்ளி வரிசையில அவளும் நிப்பா. நிக்கலன்னா பேச்சு வருமே. கையில கொண்டை ஊசி. முத வருஷம் அவளை அந்த வரிசையில பாத்துட்டு நான் ஒரு வாரம் பேசல. நீயுமாடின்னு கேட்டேன். ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது. நீ கொஞ்சம் குனி. படத்துல தோலுரிக்கிறவன் பூட்ஸைப் பாரு. வலது பூட்ஸ், குதிகாலுக்குப் பின்னாடி. சன்னச் சன்னமாக் கோடு இருக்கா, ஒண்ணு பக்கத்துல ஒண்ணா, வேலி மாதிரி? அது அவ. மூஞ்சிப் பக்கம் கையைத் தூக்கற மாதிரி தூக்கிட்டு, குனிஞ்சு பூட்ஸ்ல ஒரு கோடு. வருஷத்துக்கு ஒண்ணு. யாரும் பாத்ததில்ல.

போன தவக்காலம் ரெண்டாவது வாரம் செத்துப்போனா. காய்ச்சல். அஞ்சு நாள்.

அதைச் சொல்ல வரல நான். ஓட்டையைப் பத்தியில்ல பேசிக்கிட்டு இருந்தோம்.

ஓட்டை எப்படி வந்துதுன்னு பால்தோ உனக்குச் சொல்லியிருப்பானே. அற்புதம்னு சொன்னானா? சொல்லியிருப்பான். கோதுமை அறுப்பு முடிஞ்ச வாரம். சாயங்கால மணி அடிக்கக் கோயிலைத் திறந்தா கொலைகாரன் மூஞ்சி இல்ல. கீழ ஒரு துகள் கிடையாது. புனிதரே கோவப்பட்டு அவன் மூஞ்சியை எடுத்துட்டாருன்னு பால்தோ முழங்கால் போட்டு அழுதான். புனிதர்னா யாரு, இவன் மூஞ்சிதான, அப்ப எடுத்ததும் இவன்தான்னு அவனுக்குள்ள ஒரு பெருமை. ஊரே மெழுகுவத்தி கொண்டாந்து கொளுத்துச்சு. என்னைப் பாத்தா சிலுவை போட்டாங்க. ஒரு வாரம் பூசைக்கு எடமில்ல. சாமியாருங்களுக்கு மேல இருக்கிற மேற்றிராணியார்கிட்டேர்ந்து ஒருத்தர் வந்தாரு, பாத்தாரு, உதட்டைப் பிதுக்கினாரு. அற்புதமோ என்னமோ, திருவிழாவுக்குள்ள தலையில்லாதவனுக்குத் தலையை வைங்கன்னுட்டுப் போயிட்டாரு. அப்புறம்தான் நீ வந்த. இன்னும் பன்னெண்டு நாள்.

என்ன ஓரம்? ஓரத்துக்கு என்ன?

கிழிஞ்ச ஓரம் இல்ல, வெட்டின ஓரமா. ம். எலியா இருக்கும். ஆட்டுத்தோல் பசைன்னா எலிக்கு உசிரு. எலிப் பல்லு கூர்மையா இருக்கும்ல. எலி வட்டமாத் திங்காதா? எங்க ஊர் எலி திங்கும்பா. இல்லன்னா அந்தக் கோயில்பிள்ளையைக் கேளு, சாவி அவன்கிட்டதான இருக்கு. மத்தியானம் தின்னுட்டு வாசல்லயே தூங்குவான், கதவைப் பூட்டினானோ இல்லையோ. தெஸ்ஸாவைக் கேளு. ஏன் என் கையையே பாக்கிற?

நான் என் கேள்விக்கு வர்றேன். சனிக்கிழமை நீ நேரியை வரைஞ்சதைப் பாத்தேன்ல. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? மறைக்கமாட்டேன். கடைக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள போய்ச் சிரிச்சேன். நாப்பது வருஷத்துல அப்படிச் சிரிச்சதில்ல. போடட்டும்! பால்தோ பேரனைப் போடட்டும்! அவன் மூஞ்சியை ஊரு கீறட்டும். அவன் புள்ளைக்குப் பொண்ணு கிடைக்காம அலையட்டும். புனிதர் வம்சம் கொலைகார வம்சம் ஆகட்டும். பால்தோ கண்ணு தெரியாம பேரனைத் தேவதூதன்ல எழுதியிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டு நிப்பான், திரையை இழுக்கிறப்ப பக்கத்துல நின்னு நான்தான் காதுல சொல்லணும்னு நினைச்சேன். என்ன சொல்லணும்னு வார்த்தை வார்த்தையாக் கூட்டி வச்சேன். ஞாயித்துக்கிழமை பூரா அதே வேலை. மூக்கு நீளம் சரியா வரணுமே, ஓவியக்காரன் சொதப்பிடுவானோன்னு எனக்குக் கவலை. நம்புறியா? உன்கிட்ட வந்து மூக்கை நல்லாப் போடு தம்பின்னு சொல்லலாம்னு இருந்தேன்.

திங்கக்கிழமை காலையில அவன் என் கடைக்கு வர்றான்.

நேரிதான். அவங்க வீட்டுலேர்ந்து ஒருத்தன் என் வாசப்படி ஏறினது அதுதான் முதல் தடவை. பொஞ்சாதி முழுகாம இருக்காளாம், ஈரல் வேணுமாம், என் கடையிலதான் அன்னைக்கு ஈரல் இருந்துச்சாம். தயங்கித் தயங்கி நிக்கிறான். ஈரலை எடுத்து வெட்டறேன். அவனால வாயை வச்சுக்கிட்டு இருக்க முடியல. தாத்தா, ஒரு விஷயம் சொல்லட்டுமாங்கிறான். சொல்லுன்னேன். என்னையும் கோயில்ல எழுதப்போறாங்க தாத்தா. ஏற்கனவே எங்க தாத்தா இருக்காரு, இப்ப நான். இன்னைக்கு மத்தியானம் வீட்டுல எல்லாருக்கும் சொல்லப்போறேன், அவகிட்ட மட்டும் நேத்தே சொல்லிட்டேன், சந்தோஷத்துல அழுதுட்டா, எனக்குப் புதுக் காலர் தைக்கிறாங்கிறான்.

இப்படி மூஞ்சியைத் திருப்பி வேற காட்டறான். இந்தப் பக்கம்தான் எழுதறாராம்.

யாரா எழுதறாங்கன்னு கேட்டியாடான்னேன். அது கேக்கல தாத்தா, பீடத்துக்கு மேலன்னு சொன்னாருங்கிறான்.

நீ சொன்னியா அப்படி? சொன்ன. லாப்போ சொன்ன அதே வார்த்தை. உங்க தொழில்ல எல்லாருக்கும் சேத்து ஒரே வார்த்தையா சொல்லிக்கொடுப்பாங்களா?

ஈரலை ஒரு துண்டு கூடவே போட்டுக் கொடுத்தேன். என்னைப் பாத்துட்டு, தாத்தா நாக்கைக் கடிச்சுக்காதீங்கன்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டான்.

அன்னைக்குச் சாயங்காலம் சோறு இறங்கல. பால்தோ மேல இருக்கிற கோவம் போயிடுச்சுன்னு நினைக்காத. போகல. அது அப்படியே இருக்கு, நான் செத்தா என்கூட வரும். அந்தக் காலர் இருக்கு பாரு, அந்தக் காலர்தான்.

நீ ஏன் மனசுலேர்ந்து ஒரு மூஞ்சி எழுதக்கூடாது? பொம்மை மாதிரி வரும்ங்கிறியா. ம், லாப்போவும் அதைத்தான் சொன்னாரு. நிசமான மூஞ்சியாத்தான் இருக்கணும். சரி. உன்னை மாத்த முடியாதுன்னு தெரிஞ்சுதான் வந்தேன்.

முட்டைக்கூடையில வைக்கோலுக்கு அடியில ஒண்ணு இருக்கு. முட்டையை எடுத்துட்டியா? பாத்து எடு. பன்னியோட நீர்ப்பையில சுத்தி வச்சிருக்கேன், ஈரம் படாது. நசுக்கிடாத. மெதுவா. வெறும் துணி மாதிரி இருக்கும். பழைய சணல் துணிதான், வான்னாவோட தலைத்துணி. திருப்பிப் பாரு.

ஆமா. அந்த மூஞ்சிதான்.

எலி இல்ல. நீதான் ஓரத்தைப் பாத்தே கண்டுபிடிச்சிட்டியே, அப்புறம் எதுக்கு எலிக் கதையைக் கேட்டுக்கிட்டு இருந்த? பெரிய வெள்ளி அன்னைக்கு எல்லாரும் கீறிட்டுப் போனப்புறம் போய்ப் பாத்தேன். மூஞ்சியில புதுசா பத்துப் பதினஞ்சு விழுந்திருந்தது. பூட்ஸ்ல புதுக் கோடு இல்ல. போதும்னு தோணிச்சு. அறுப்பு முடியட்டும், ஊரு மத்தியானத்துல அசந்து தூங்கட்டும்னு இருந்தேன். இளம் சூட்டுல வச்சிரத்தைக் காய்ச்சி மூஞ்சி மேல தடவி, துணியை ஒட்டி, காய விட்டேன். அப்புறம் சின்னக் கத்தி, குட்டி ஆட்டுக்கு வைக்கிற கத்தி. பலகையில ஒரு கீறல் விழல, பாத்தியா? பூச்சு பூச்சுல நின்னுச்சு, நிறம் தனியா வந்துச்சு. லாப்போ இருந்திருந்தா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதிருப்பாரு. அப்பவும் நாக்கு வெளியதான் இருந்திருக்கும்.

வெந்நீர் ஒத்தடம் கொடுத்தா துணி பிரிஞ்சு வந்துடும். அது உனக்குத் தெரியும். இதை அங்க திரும்ப ஒட்டு. இன்னும் ரெண்டு வருஷம், மிஞ்சிப்போனா மூணு, அதுவரைக்கும் கீறிக்கட்டும், எனக்குப் பழக்கம்தான். என்னைப் புதைச்சப்புறம் அது யார் மூஞ்சியும் இல்ல. எவன் வேணும்னாலும் கீறலாம், எவனுக்கும் வலிக்காது. நேரியை வேணும்னா தேவதூதன்ல போட்டுக்கோ, அந்த இடது ஓரத்துல ஒருத்தன் மூஞ்சி பொரிஞ்சுதான் கிடக்கு. அவன் பொஞ்சாதி தைச்ச காலர் வீணாப் போகவேண்டாம்.

பால்தோகிட்ட பீடத்துக்குப் பின்னாடி கிடைச்சதுன்னு சொல்லிடு. நான் கொடுத்தேன்னு தெரிஞ்சா மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்குவான். மேல பாத்துக்கிட்டு ஊரெல்லாம் சொல்லுவான்.

என்ன? கண்ணா? கண்ணு இல்லதான். அது முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னாடியே போச்சுன்னு சொன்னேனே. கண்ணை நீதான் எழுதணும். என்ன நிறமா?

இரு. எழுந்திருக்க நேரமாகும், முழங்கால். அந்த சன்னல் பக்கம்தான வெளிச்சம் நல்லா இருக்கு? இங்க நின்னாப் போதுமா, இன்னும் முன்னாடி வரணுமா?

ம். பாத்துக்கோ.